ஃபாக் லைட்: பல்பு உட்கார்ந்தால் போதாது, ஹவுசிங் தாங்க வேண்டும்

வால்பாறை போய்விட்டு வந்த மறுநாள் காரைக் கழுவும்போதுதான் பார்த்தேன். பம்பரில் இருக்கும் மூடுபனி விளக்கு, அதாவது ஃபாக் லைட், இடது பக்கத்தில் அதற்குள் ஒரு பழுப்புத் திட்டு. துணியால் தேய்த்தேன், போகவில்லை. கழற்றிப் பார்த்தால், பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு தீய்ந்த தோசை மாதிரி பொரிந்து கிடந்தது. பின்னால் பல்பை வயரோடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரும் லேசாக இளகி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். பல்பு உட்காரும் அந்த டப்பாவில், அதாவது ஹவுசிங்கில், கம்பெனி போட்டிருந்தது எச்8 வகை ஹாலஜன் பல்பு, 35 வாட். நான் போட்டது எச்11, 55 வாட். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒரே குடும்பம், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில்தான் வித்தியாசம். அந்தக் காதை அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டால் உள்ளே போய்விடும். “அப்படியே உட்காரும் சார்” என்றார் பொருத்தியவர். உட்காரத்தான் செய்தது. ஆனால் காதை மாற்றி வைத்ததே இது இங்கே நுழையக் கூடாது என்பதற்குத்தானே! எச்16 என்று இன்னொன்றும் இருக்கிறது, அது வெறும் 19 வாட். அதற்காகச் செய்த ஹவுசிங்கில் 55-ஐச் செருகினால் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எனவே பல்பு வாங்கக் கிளம்பும் முன் ஹவுசிங்கின் பின்புறத்தையோ பழைய பல்பின் அடியையோ பாருங்கள், வாட் கணக்கு அங்கே அச்சிட்டிருக்கும்.

ஹாலஜன் பல்பு ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அதன் கண்ணாடியே 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். லென்ஸுக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டோ 147 டிகிரிவாக்கில் இளக ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் காற்றுதான். ‘ஹெட்லைட்டில் 55 வாட் தாங்குகிறதே’ என்று கேட்பார்கள். ஹெட்லைட் பெரிய பெட்டி, ஃபாக் லைட் கைப்பிடி அளவு டப்பா. அதிலும் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளை மூடுபனிக்குள் உருட்டிக்கொண்டு ஏறும்போது, குளிர்விக்க எதிர்க்காற்றும் பெரிதாக இருக்காது.

சரி, சுவிட்சைப் போட்டதும் பேட்டரி கரண்டை நேராகப் பல்புக்கு விடும் ரிலே போட்டுவிட்டால் பயமில்லையே? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரிலே காப்பாற்றுவது சுவிட்சையும் பழைய வயரையும்தான், ஹவுசிங்கை அல்ல. வயரில் வழியிலேயே விழுந்துகொண்டிருந்த வோல்ட்டும் இப்போது பல்புக்கே போய்ச் சேர்வதால், பல்பு முன்பைவிடக் கூடுதலாகத்தான் சுடும். சரியான வாட் பல்புக்கு ரிலே நல்லது, அதிக வாட்டுக்கு அது பரிகாரம் அல்ல.

கப்ளர் உருகுவது தனிக் கதை. 12 வோல்ட்டில் 35 வாட் என்றால் சுமார் 2.9 ஆம்பியர், 55 வாட் என்றால் 4.6. கரண்ட் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது. ஆனால் கப்ளருக்குள் தளர்ந்த உலோகப் பின்னில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், ஆக இரண்டரை மடங்கு. ஆசைப்பட்டு 100 வாட் போட்டால் எட்டு மடங்கு. அந்த உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தாலோ, செருகும்போது பிடிப்பு இல்லாவிட்டாலோ, புது பல்போடு கப்ளரையும் மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்இடிக்குத் தாவுகிறவர்கள் ‘எல்இடி சூடாகாது’ என்பார்கள். பாதி உண்மை. ஹாலஜன் சூட்டை முன்னால் லென்ஸ் பக்கம் வீசும், எல்இடி அதைப் பின்னால் அடிப்பாகம் வழியே தள்ளும். அங்கே சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கைச் சுற்றிக் காற்று வேண்டும். ரப்பர் மூடியை இழுத்து மாட்டி மூச்சை அடைத்தால் பல்பும் சாகும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையமும் நெகிழும். ஃபேன் வைத்த மாடல்களை நான் ஃபாக் லைட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பம்பருக்குக் கீழே சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் அந்தக் குட்டி ஃபேன் எத்தனை மழைக்காலம் ஓடும்?

எல்இடி அட்டைப்பெட்டியில் ‘200 வாட்’ என்று போட்டிருப்பதை நம்பி மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மல்ட்டிமீட்டரைப் பல்புக்குப் போகும் வயரின் நடுவே வரிசையில் இணைத்து கரண்டை அளந்து பாருங்கள். 2 ஆம்பியர் காட்டினால் அது 24 வாட் சொச்சம், அவ்வளவுதான். இந்த ஹவுசிங்கில் எச்ஐடி (வாயுவுக்குள் மின்பொறி பாய்ந்து எரியும் விளக்கு) கிட் பொருத்தும் பேச்சே வேண்டாம். சூட்டை விடுங்கள், எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்று லென்ஸில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உள்சூடு வெளியேறாமல் தங்கும். மஞ்சளாகவே எரியும் 3000 கெல்வின் (ஒளியின் நிற அளவு) பல்பே கிடைக்கிறது. தண்ணீர் இறங்குகிறது என்று பின்னால் இருக்கும் மூச்சுத் துளையை சிலிக்கானால் அடைக்கவும் கூடாது. எரிந்து சூடான லைட்டில் உடனே தண்ணீர் பீய்ச்சாதீர்கள், கண்ணாடி லென்ஸ் என்றால் விரிசல் விழலாம்.

என் வண்டியில் இப்போது பழையபடி 35 வாட்தான். முதல் இரவு ஓட்டம் முடிந்து வீடு வந்ததும், லைட்டை அணைத்துவிட்டு பம்பருக்கு அடியில் கையை விட்டு இரண்டு கப்ளரையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டிருந்தால், காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைக் கழற்றியிருப்பேன்.