ஃப்ளெக்ஸ் மெஷின் வாங்கும் முன் தரையில் சாக்பீஸ் கோடு

ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் பத்தடி மெஷின் என்றால் பத்தடி இடம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தடி என்பது அச்சாகும் அகலம்தான். மெஷினின் மொத்த நீளம் சுமார் 15 அடி வரும். மாடலுக்கு ஏற்ப மாறும் என்பதால் அளவைக் கேட்டு வாங்கி, கடைத் தரையில் சாக்பீஸால் அப்படியே வரைந்து பாருங்கள்.

பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ரோல், அதாவது அச்சடிக்கும் ஃப்ளெக்ஸ் சுருளை, ஏற்றுவது அந்தப் பக்கம்தான். முழு ரோல் 50 கிலோவுக்கு மேலும் வரும். இரண்டு பேர் பிடித்துத் திரும்ப 4 அடியாவது வேண்டும். பத்தரை அடி பி.வி.சி. குழாய் ஒன்றை வாசலிலிருந்து மெஷின் வரை இரண்டு பேராகத் தூக்கிப் போங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கேதான் ரோலும் இடிக்கும்.

இந்த மெஷினில் ஊற்றும் சால்வென்ட் (கரைப்பான் கலந்த) மையின் ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைத் தாழ்வாகவும் வையுங்கள். அந்தக் காற்றை நாள் முழுக்கச் சுவாசிப்பது நம் கடைப் பையன்கள்தானே.

ஐலெட் (பேனரில் கயிறு கட்டும் ஓட்டைக்கான வளையம்) அடிக்கும் மேசை, மெஷினுக்கு முன்னால், நாலு பக்கமும் நடக்கிற மாதிரி இருக்கட்டும்.