வாக்கி டாக்கியில் எந்தச் சேனல்?

அமெரிக்காவில் உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் (குடும்ப வானொலிச் சேவை) வாக்கி டாக்கியோடு மலையேறும்போது, முதல் வளைவு தாண்டியதும் பின்னால் வரும் தம்பியின் குரல் அறுந்துவிடும். காரணம் நாங்கள் பேசிய 10ஆம் சேனல்: 8 முதல் 14 வரை அரை வாட்டுக்கு மேல் விதி விடாது, மற்றவற்றில் 2 வாட் வரை போகலாம். 15 முதல் 22 வரை ஜிஎம்ஆர்எஸ் எனும் உரிமம் வேண்டிய வானொலிச் சேவையின் ரிப்பீட்டர்கள் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) குறுக்கிடக்கூடும், அதனால் 5க்கு மாறி, இரண்டு கருவியிலும் ஒரே பிரைவசி கோட் வைத்தோம், குரல் தெளிவாக வந்தது. ஆனால் அந்தக் கோட் பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவதை யாரும் கேட்கலாம், வீட்டு முகவரியெல்லாம் சொல்லாதீர்கள். பேசுமுன் மானிட்டர் பட்டனை அழுத்தி, சேனல் காலியா என்று பாருங்கள். அப்புறம், அதிக சக்தி வேண்டுமென்றால் 35 டாலருக்கு ஜிஎம்ஆர்எஸ் உரிமம் எடுக்கலாம். தேர்வு இல்லை, 10 ஆண்டு செல்லும், குடும்பத்துக்கே ஒன்று போதும்.