தென்னாப்பிரிக்காவில் வார நாள் இரவுச் சமையல்: புதிதாக வரும் குடும்பங்களுக்கு

1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் வந்ததிலிருந்து இந்த நாட்டில் தமிழ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதனால் ஊரிலிருந்து பெட்டி நிறையப் பருப்பும் பொடியும் சுமந்து வர வேண்டியதில்லை. வேலை முடிந்து ஆறரைக்கு வீடு திரும்புகிறவர் ஏழேகாலுக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: கடையில் எந்தப் பெயருக்கு எந்தப் பொருள், கரண்ட் அடுப்பு எப்படி நடந்துகொள்ளும், ஜோகன்னஸ்பர்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

முதலில் பெயர்கள். முதல் மாதம் பாதிக் குழம்பு கெடுவது இதனால்தான். இங்கே "தனியா" என்று கேட்டால் கொத்தமல்லித் தழையைக் கொடுப்பார்கள். விதை வேண்டுமென்றால் "கொரியாண்டர் சீட்ஸ்" என்று கேளுங்கள். சோம்புக்குப் பெயர் "சூம்ஃப்". துவரம் பருப்பு "ஆயில் தால்" என்ற பெயரில் இருக்கும். கெடாமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை கழுவாவிட்டால் அந்த வாடை சாம்பாரில் நிற்கும். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் "பீ தால்" உடைத்த மஞ்சள் பட்டாணி. பார்க்கத் துவரை போலிருக்கும், சாம்பார் வைத்தால் இனிப்புத் தட்டும். அதைச் சீரகமும் பூண்டும் தாளித்துத் தனிப் பருப்பாகச் செய்தால் நன்றாக இருக்கும். "சில்லி பைட் மிக்ஸ்" பஜ்ஜிக்காக மசாலா கலந்த மாவு. வெறும் கடலை மாவு என்று நினைத்து மோர்க்குழம்பில் போட்டுவிடாதீர்கள். "ஒரு பாக்கெட் வெங்காயம்" என்றால் பெரும்பாலும் 10 கிலோ மூட்டை.

மிளகாய்த்தூளிலும் கவனம் வேண்டும். டர்பன் மசாலா என்பது மிளகாய் தூக்கலாக, மல்லி, சீரகம், பட்டை எல்லாம் சேர்த்து அரைத்த கலவை. சாம்பார் பொடி இரண்டு ஸ்பூன் போடும் இடத்தில் இதில் முக்கால் ஸ்பூனில் தொடங்குங்கள். "மதர்-இன்-லா" என்று பெயர் போட்ட வகைக்குக் காரம் இன்னும் அதிகம். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

அரிசியில் சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக இருப்பது நீள மணிப் புழுங்கலரிசி. அது எவ்வளவு வெந்தாலும் குழையாது. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், குஸ்கா எல்லாவற்றுக்கும் அது அருமை. தயிர்ச்சாதத்துக்கும் சாம்பார் சாதத்துக்கும் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பொன்னியோ சோனா மசூரியோ வேண்டுமென்றால் ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க், லெனேஷியா, டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கடைகளில் பாருங்கள். அவசரத்துக்கு ஜாஸ்மின் அரிசி நன்றாகக் குழையும்.

இனி அடுப்பு. வாடகை வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் தட்டு அடுப்புதான். குமிழைத் திருப்பியதும் சூடு ஏறாது, அணைத்தாலும் பத்து நிமிடம் தட்டு கனன்றுகொண்டே இருக்கும். கடுகு வெடித்த கையோடு வாணலியைத் தட்டிலிருந்து தூக்கிவிட வேண்டும். குமிழைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தால் கறிவேப்பிலை கருகிவிடும். குக்கருக்கு எளிய வழி ஒன்று உண்டு. பெரிய தட்டை 6-ல் வைத்து முதல் விசில் வரவிடுங்கள். அதற்குள் பக்கத்துச் சின்னத் தட்டை 2-ல் சூடாக்கி வைத்திருந்து, குக்கரை அதற்கு மாற்றுங்கள். அங்கிருந்து கணக்கு விசிலில் இல்லை, நிமிடத்தில். ஒரே தட்டில் வைத்துக் குறைத்தால் விசில் விடாமல் அடித்து, தண்ணீர் வற்றி, அடி பிடிக்கும். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, அதையும் பார்த்து வாங்குங்கள். மிக்ஸியை ஊரிலிருந்து கொண்டுவரலாம், இங்கேயும் 230 வோல்ட்தான். சின்ன பிளக் மட்டும் இங்குள்ள தடித்த மூன்று துளைக்குள் நிற்காது. அதற்கு அடாப்டர் வாங்க வேண்டும்.

டர்பன் கடற்கரை ஊர், அங்கே சமையல் சென்னைக் கணக்குதான். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்தால் சோறு நறுக்கென்று நிற்கும். திறந்த பாத்திரத்தில் வடித்தால் ஆறேழு நிமிடம் கூடுதலாக விடுங்கள், குக்கரில் ஐந்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். பருப்பை வீட்டுக்குள் நுழைந்ததும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு உடை மாற்றப் போங்கள். அந்த இருபது நிமிடம் பெரிய உதவி.

சாம்பார் சாதத்துக்கு அளவு: அரிசி 1 கப், ஆயில் தால் அரை கப், தண்ணீர் 5 கப், மஞ்சள்தூள் கால் ஸ்பூன், நறுக்கிய பட்டர்நட் பூசணி ஒரு கைப்பிடி. முதல் விசிலுக்குப் பின் சிறு சூட்டில் டர்பனில் 10 நிமிடம், ஜோகன்னஸ்பர்க்கில் 12 நிமிடம். புளியையும் தக்காளியையும் குக்கருக்குள் போடவே கூடாது. புளிப்பு பட்டால் பருப்பு இறுகிவிடும், மலை ஊரில் அது வேகவே வேகாது. புளிக்கரைசல், பொடி, உப்பு மூன்றையும் குக்கர் திறந்த பிறகு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விட்டுத் தாளியுங்கள்.

இந்த நாட்டுத் தமிழ் வீடுகளின் உண்மையான அவசரச் சமையல் டின் ஃபிஷ் குழம்பு. புதிதாக வருபவர்கள் டின் மீன் என்றதும் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை சரியாகச் செய்து பாருங்கள். தக்காளிச் சாஸில் உள்ள பில்ச்சர்ட் மீன், 400 கிராம் டின் ஒன்று, நான்கு பேருக்குப் போதும். சாஸைக் கிண்ணத்தில் வடித்துக்கொண்டு, மீனை நீளவாக்கில் பிளந்து நடுமுள்ளை எடுங்கள். எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு அரை ஸ்பூன், வெந்தயம் கால் ஸ்பூன், கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் 2, பெரிய வெங்காயம் 1. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது 1 ஸ்பூன், மசாலா முக்கால் ஸ்பூன், மஞ்சள், ஒரு தக்காளி. பிறகு டின் சாஸை ஊற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை எட்டு நிமிடம் வதக்குங்கள். இந்த எட்டு நிமிடத்தைக் குறைத்தால்தான் குழம்பில் டின் வாடை அடிக்கும். அடுத்து ஒரு கப் தண்ணீர், நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி. சாஸே புளிப்பு என்பதால் அதற்கு மேல் வேண்டாம். கொதித்ததும் மீனை அடுக்கி, மூடி, சிறு சூட்டில் ஐந்து நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். டின்னிலேயே வெந்த மீன், கிளறினால் கூழாகிவிடும். சாஸில் உப்பு உண்டு, கடைசியில் சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். வறுத்த கத்தரிக்காயோ அவித்த முட்டையோ சேர்த்தால் வயிறு நிறையும்.

தயிருக்குப் பதில் அமாசி இருக்கிறது. கெட்டியான புளித்த பால், எல்லாக் கடையிலும் கிடைக்கும். தயிர்ச்சாதத்துக்கு அதில் கால் பங்கு பால் கலந்தால் நம் வீட்டுச் சுவை வந்துவிடும். மோர்க்குழம்புக்கு 2 கப் அமாசியில் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவைக் கட்டியில்லாமல் அடித்து, நுரை கூடியதும் தட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். அணைத்த தட்டில் விட்டு வைத்தால் திரிந்துவிடும். உறை ஊற்ற மட்டும் அமாசி சரிப்படாது, இனிப்பில்லாத சாதாரண யோகர்ட் வாங்குங்கள்.

கடையில் "ஸ்பினாச்" என்று கட்டுவது பெரும்பாலும் தடித்த தண்டுள்ள சுவிஸ் சார்ட். தண்டைத் தனியே நறுக்கி நான்கு நிமிடம் முன்னால் போடுங்கள். தெருவோரத்தில் மொரோகோ என்று விற்கும் கீரைகளில் நம் முளைக்கீரை வகையும் உண்டு, கண்டால் விடாதீர்கள்.

மின்வெட்டு 2023-ல் உச்சத்தில் இருந்தது, பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் தெருவில் ஏதாவது பழுதானால் மணிக்கணக்கில் கரண்ட் போகும். சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று இருக்கட்டும். இங்கே பிறந்த வொண்டர்பேக் என்ற சூடு காக்கும் பையும் நல்ல துணை; கொதித்த சட்டியை அதற்குள் வைத்து மூடினால் அந்தச் சூட்டிலேயே வேகும். சட்டி முக்கால் நிறைந்திருக்க வேண்டும், அரைச் சட்டி சீக்கிரம் ஆறிவிடும். சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற புள்ளி பீன்ஸ்) வைப்பதானால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் பைக்குள் வைக்க வேண்டும். அப்படிக் கொதிக்காத பீன்ஸ் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும்.

ஒன்றுமே இல்லாத இரவுக்கு மீலி ரைஸ். பெயரில் அரிசி இருந்தாலும் அது உடைத்த மக்காச்சோளம். 1 கப்பை வாசனை வரும் வரை நான்கு நிமிடம் வறுத்து, தாளித்த 3 கப் கொதிநீரில் தூவி, மூடி பதினைந்து நிமிடம் சிறு சூட்டில் வைத்தால் உப்புமா. ரவையைவிட நேரம் பிடிக்கும், ஆனால் கட்டி தட்டாது. பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் மீலி மீல் நைசான மாவு, அதில் களிதான் வரும்.