குழாயில் இடம் எழுதுங்கள்: மரபு வேறுபாட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மிஸ், என் தவளையெல்லாம் சொந்தத்துக்குள்ளேயே பெருகிக் கெட்டுப்போச்சு போல" என்றாள். அட்டவணையைப் பார்த்தேன். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் போட்ட அட்டவணைதான், எண்கள் மட்டும் வேறு. அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் இதை எழுதிவைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கையுறை போடுங்கள், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே விழுகிற குழிகளைப் பற்றித்தான் இது.

இரண்டு காட்டை ஒரே காடாக எண்ணுவது

நம் இலங்கை மலைநாட்டில் காடு என்பது ஒன்றல்ல. நடுவில் தேயிலை, மரக்கறித் தோட்டம், ரோடு, யூகலிப்டஸ் தோப்பு. அவற்றுக்கிடையே துண்டு துண்டாகத்தான் காடு கிடக்கிறது. மனிதன் வெட்டுவதற்கு முன்பே இயற்கையும் பிரித்து வைத்திருக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரையும் மத்திய மலைகளையும் மகாவலிப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. குளிரில் வாழப் பழகிய சிறு விலங்குக்கு அந்த வெப்பமான பள்ளம் ஒரு மதில். இலைக்கொம்பு ஓணான் நக்கிள்ஸில் மட்டும்தான் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இருப்பது கூரான கொம்புள்ள வேறோர் இனம்.

புதர்த் தவளைகளில் இது இன்னும் கூடுதல். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். ஓடைத் தண்ணீர் குஞ்சுகளை அடுத்த காட்டுக்கு அடித்துக்கொண்டு போக வழியில்லை.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும் செய்தேன். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு மேலே ஒரு காட்டுத் துண்டு, கீழ் டிவிஷனுக்குக் கீழே இன்னொன்று. மழை மாதங்களில் டோர்ச் வெளிச்சத்தில், கால் முழுக்க அட்டைக்கடியோடு, 72 தவளைகளின் வாயில் பஞ்சு தேய்த்து மாதிரி எடுத்தேன். குழாய்களில் "நு 1" தொடங்கி "நு 72" வரை எழுதினேன். ஒரு இரவு மேலே, மறு இரவு கீழே, சில இரவுகள் இரண்டிலும். என் மனதில் அது எல்லாமே "நுவரெலியா". எந்தக் காடு என்று எழுதத் தோன்றவே இல்லை.

ஒன்பது மைக்ரோசாட்டலைட் லோக்கஸ்களைப் பார்த்தேன். மைக்ரோசாட்டலைட் என்றால் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டு. லோக்கஸ் என்றால் டி.என்.ஏ.யில் நாம் குறித்துப் பார்க்கும் ஓரிடம். அங்கே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வெவ்வேறு எதிருருக்கள், அதாவது அந்த இடத்தின் வெவ்வேறு வடிவங்கள், வந்திருந்தால் அந்த உயிர் ஹெட்டரோசைகோட். எதிர்பார்த்ததைவிட ஹெட்டரோசைகோட்டுகள் மிகக் குறைவாக இருந்தன. உடனே உள்விருத்தி, அதாவது சொந்தத்துக்குள்ளேயே பெருகுவது, என்று எழுதிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. வேறு மலையிலிருந்து தவளைகளைக் கொண்டுவந்து இங்கே விட வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் வைத்தேன். அந்த அறிக்கையைப் படித்த ஓர் அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளை, இந்த 72உம் ஒரே இடத்திலயா பிடிச்சது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எண்ணை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேல் காட்டில் ஓர் எதிருருவின் மீடிறன் (மொத்தத்தில் அதன் பங்கு) 0.9 என்றும் கீழ்க் காட்டில் அதே எதிருரு 0.1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காட்டிலும் தவளைகள் அவரவர் காட்டுக்குள் தாராளமாகச் சோடி சேர்கின்றன, ஒரு குறையும் இல்லை. தாராளமாகச் சோடி சேரும்போது என்ன பங்கு வரும் என்று சொல்லும் ஹார்டி–வைன்பேர்க் கணக்குப்படி ஒவ்வொரு காட்டிலும் ஹெட்டரோசைகோட்டின் பங்கு 2 × 0.9 × 0.1, அதாவது 0.18. இப்போது இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்குகிறீர்கள். சராசரி மீடிறன் 0.5 ஆகிவிடும். கணினி எதிர்பார்ப்பது 2 × 0.5 × 0.5 = 0.5. உங்கள் கையில் இருப்பதோ 0.18. பற்றாக்குறை 64 சதவீதம்! தவளைகளிடம் ஒரு கோளாறும் இல்லை. கலந்தது நாம். சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் வாலுண்ட் 1928 இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அவர் பெயரால்தான் இன்றும் இதை வாலுண்ட் விளைவு என்று சொல்கிறோம்.

ஹெட்டரோசைகோட் குறைந்திருந்தால் குறைந்தது மூன்று பேரைச் சந்தேகிக்க வேண்டும். உண்மையான உள்விருத்தி என்றால் எல்லா லோக்கஸிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறையும். பிரைமர் (லோக்கஸைப் பிரதியெடுக்க ஒட்டவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாததால் ஓர் எதிருரு கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால் குறிப்பிட்ட ஒன்றிரண்டு லோக்கஸில் மட்டும் குறையும், அங்கே சில மாதிரிகள் ஒன்றுமே காட்டாமல் வெறுமையாகவும் வரும். கலப்படம் என்றால் இரண்டு காட்டுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள லோக்கஸில் அதிகமாகவும் மற்றவற்றில் குறைவாகவும் இருக்கும். வேறு வேறு குரோமோசோமில் உள்ள எதிருருக்கள்கூடச் சேர்ந்தே வருவதுபோலத் தோன்றும். என் ஒன்பதிலும் பற்றாக்குறை ஏறி இறங்கித்தான் இருந்தது. நான் சராசரியை மட்டும் பார்த்தேன்.

இவை எல்லாவற்றையும்விட எளிய சோதனை, இடத்தின்படி பிரித்து மறுபடி கணக்குப் போடுவது. பற்றாக்குறை மறைந்தால் காரணம் கலப்படம்தான். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலையை என்னால் செய்ய முடியவில்லை, ஏனென்றால் குழாயில் இடம் இல்லை. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருவது அதில்தான். கணக்குப் பிழையை எப்போதும் திருத்தலாம். எழுதாமல் விட்ட இடத்தை எங்கே போய்த் தேடுவது? மறுபடி அனுமதி, மறுபடி மழைக்காலத்துக்குக் காத்திருப்பு, மறுபடி இரசாயனச் செலவு என்று ஒரு வருடம் போனது.

அந்தப் பரிந்துரையை யாராவது ஏற்றிருந்தால் அதைவிட மோசம். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்திருந்த ஒரு குடித்தொகையில் (தங்களுக்குள் இனம்பெருக்கும் ஒரு கூட்டத்தில்), இல்லாத நோய்க்கு மருந்தாக, வேறு மலைத் தவளைகளைக் கலந்திருப்போம். அதைத் திரும்ப எடுக்கவே முடியாது.

ஆகவே ஒவ்வொரு குழாயிலும் காட்டின் பெயர், ஜி.பி.எஸ். புள்ளி, திகதி, பிடித்தவர் பெயர் எல்லாம் வேண்டும். அதையே நோட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள். "குடித்தொகை" என்பது நீங்கள் காட்டுக்குக் கொண்டுபோகும் பெயரல்ல. அது பிறகு தரவிலிருந்து தெரியவேண்டியது.

பென்சிலால் எழுதுங்கள்

எதனோல் பட்டால் மார்க்கர் மை போய்விடும்.

ஒரு குடும்பத்தைக் குடித்தொகை என்பது

மலைக்காட்டுப் புதர்ச்செடியான நெலு ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றாகப் பூத்து, விதை போட்டு, மடிந்துவிடும். அதற்கடுத்த மழையில் ஒரு தாய்ச்செடி நின்ற இடத்தில் நாற்றுகள் பாய் விரித்ததுபோல முளைத்திருக்கும். அங்கே உட்கார்ந்து 30 நாற்றில் இலை கிள்ளினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே தாயின் பிள்ளைகள். ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் பள்ளங்களில் உள்ள குட்டை மூங்கிலில் இது இன்னும் மோசம். நிலத்துக்கடியில் கிழங்குத் தண்டு ஓடுவதால் 30 தண்டும் ஒரே செடியாக இருக்கலாம். நடந்து போய் எடுங்கள். உட்கார்ந்த இடத்தில் எடுக்காதீர்கள்.

தலையை எண்ணி நிம்மதி அடைவது

"100 இருக்கு, பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். அந்த 100 இல் இனம்பெருக்கும் ஆண் 10, பெண் 90 என்றால் பயனுறு பருமன் (மரபுக் கணக்கில் எத்தனை தலைக்குச் சமம் என்பது) 4 × 10 × 90 ÷ 100, அதாவது 36. தற்செயலால் வேறுபாடு தேயும் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த 36 தான், 100 அல்ல. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் இதே கதை. 1000, 1000, 10 என்று மூன்று தலைமுறை போனால் பயனுறு பருமன் ஏறக்குறைய 29. ஒரு கெட்ட வருடம் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். பயனுறு பருமன் 10 ஆகவே நீடித்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஹெட்டரோசைகோசிட்டியில், அதாவது ஹெட்டரோசைகோட்டின் பங்கில், 5 சதவீதம் போகும். பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது ஏறக்குறைய 60 சதவீதம்.

கத்துகிறதை மட்டும் பிடிப்பது

கத்துவது ஆண் தவளை. பெண்ணையும் தேடுங்கள்.

ஒரு அளவுகோலின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது

மைக்ரோசாட்டலைட்டில் பல எதிருருக்கள் இருக்கும், ஹெட்டரோசைகோசிட்டி 0.7 சாதாரணமாக வரும். டி.என்.ஏ.யில் ஒற்றை எழுத்து மாறும் இடமான எஸ்.என்.பி.யில் பெரும்பாலும் இரண்டே எதிருரு, அதனால் எதிர்பார்க்கும் ஹெட்டரோசைகோசிட்டி 0.5 ஐத் தாண்டவே முடியாது. "அந்தத் தவளைக்கு 0.7, இந்த மரத்துக்கு 0.3, ஆகவே மரம் ஆபத்தில்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

எந்தக் கருவியால் பார்க்கிறோம் என்பதில்தான் எவ்வளவு தெரியும் என்பதும் இருக்கிறது. 1966 இல் லெவன்டினும் ஹபியும் பழ ஈயின் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு 18 லோக்கஸ்களைப் பார்த்தார்கள். ஓர் ஈ சராசரியாக ஏறக்குறைய 12 சதவீத லோக்கஸ்களில் ஹெட்டரோசைகோட். அவ்வளவு வேறுபாட்டை அன்று பலர் எதிர்பார்க்கவில்லை. 1983 இல் கிரைட்மன் ஒரே ஒரு பரம்பரையலகை 11 பிரதிகளில் எழுத்தெழுத்தாக வாசித்தார். 43 இடங்களில் வேறுபாடு இருந்தது. புரதத்தை மாற்றியது அதில் ஒன்றே ஒன்று. ஜெல்லில் மட்டும் பார்த்திருந்தால் மற்ற 42உம் தெரிந்திருக்காது.

வேறுபாட்டைக் கண்டவுடன் இயற்கைத் தேர்வு என்பது

விகாரம் (டி.என்.ஏ.யில் வரும் மாற்றம்) புதிதாகச் சேர்க்கும், தற்செயல் நகர்வு (தலைமுறைக்குத் தலைமுறை மீடிறன் தற்செயலாக மாறுவது) கழிக்கும், பக்கத்துக் காட்டிலிருந்து வரும் விலங்கும் மகரந்தமும் கொஞ்சம் கொண்டுவரும். இந்த வரவு செலவே போதும், நிறைய வேறுபாடு நிலைத்திருக்க. 1968 இல் கிமுரா சொன்னதன் சாரம் இது. தேர்வு வேறுபாட்டைக் காப்பதும் உண்டு. அரிவாள் செல் எதிருருவை ஒரு பக்கம் மட்டும் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதை 1954 இல் அலிசன் காட்டினார். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடிகளிலும் அப்படித்தான். அரிதான எதிருருவைச் சுமக்கும் மகரந்தத்துக்கு மறுப்புச் சொல்லும் பூக்கள் குறைவு, அதனால் அது தொலைந்துபோகாது. தேயிலையும் பெரும்பாலும் அயல் மகரந்தத்தில்தான் விதை கட்டும். பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் இலை நிறத்திலும் துளிர்விடும் நேரத்திலும் வேறு வேறாக நிற்பதும், வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த பக்கத்து வீ.பீ. மலை ஒரே மாதிரி நிற்பதும் கொழுந்து எடுத்த எவருக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் காட்டில் நடப்பது அதுதான் என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். மற்ற லோக்கஸ்கள் எல்லாம் காட்டுக்குக் காடு விலகியிருக்க, ஒன்று மட்டும் எல்லாக் காட்டிலும் ஒரே அளவில் நின்றால் அப்போது யோசியுங்கள். இதற்கும் எந்தக் குழாய் எந்தக் காடு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரியை முழுதாகத் தீர்த்துவிடுவது

பாதியை எடுத்து உறைபெட்டியில் வையுங்கள். என் பழைய 72 குழாய்களிலும் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். மறு வருடம் இரண்டு காட்டிலும் இடம் எழுதி எடுத்த மாதிரிகள் கைக்கு வந்த பிறகு, அவற்றின் எதிருரு மீடிறன்களை வைத்து, பழைய ஒவ்வொரு தவளையும் எந்தக் காட்டைச் சேர்ந்திருக்கக் கூடியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 மேல் டிவிஷன், 23 கீழ் டிவிஷன். பிரித்துப் பார்த்தபோது பற்றாக்குறை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. மீதி 11 எந்தப் பக்கமும் சேராமல் இன்னும் உறைபெட்டியில் இருக்கின்றன.