இறகும் கொட்டுது, பேச்சையும் காணோம்: பட்ஜி வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

காலையில் கூண்டின் அடித்தட்டை இழுத்தால் ஒரு கைப்பிடி இறகு. நேற்றுவரை ஓயாமல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தவன், இன்று குச்சியில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறான். என் முதல் பட்ஜி மூன்றரை மாதத்தில் இப்படி ஆனபோது, ஏதோ பெரிய நோய் என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நோய் எதுவும் இல்லை. அது இறகு மாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பலரும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வாங்கி வருவது பெரும்பாலும் பட்ஜி என்ற இந்தச் சின்னக் கிளியைத்தான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. இறகு கொட்டினால் எதைப் பார்ப்பது, பேச எப்படிப் பழக்குவது, இந்த இரண்டும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வயதைப் பாருங்கள்

குஞ்சின் நெற்றியில் கறுப்புக் கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கி வரும். கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு மாற்றம் நடக்கும்போது அந்தக் கோடுகள் பின்வாங்கி, நெற்றி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெளிந்துவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதற்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் கோடே இருக்காது என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

உங்கள் பறவை இந்த வயதில் இருந்து, நெற்றிக் கோடும் கலைந்துகொண்டிருந்தால் பாதிக் கவலையை இப்போதே விட்டுவிடலாம். வளர்ந்த பறவைகளும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது இறகு மாற்றும். மும்முரமாகக் கொட்டுவது இரண்டு மூன்று வாரம்.

படி 2: எங்கே கொட்டுகிறது?

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நோயா, இயல்பா என்பதற்கான பதில் பெரும்பாலும் கொட்டும் இடத்திலேயே இருக்கிறது.

இயல்பான மாற்றத்தில் இறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விழும். தோல் தெரியும் அளவுக்கு வழுக்கை விழாது. உள்ளே முளைக்கும் புது இறகுதான் பழையதை வெளியே தள்ளுகிறது. அதனால் உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால், வெள்ளை உறை போட்ட சின்னச் சின்ன முட்கள் நிற்கும். ‘பின் ஃபெதர்’ என்பது இதுதான். தலையில் இவை வரிசையாக எழும்போது பறவை முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருக்கும். உறை உடைந்து வெள்ளைத் தூளாகக் கொட்டும். பொடுகு என்று நினைத்து எதையும் தேய்த்துவிடாதீர்கள்.

இப்போது தலையையும் உடம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பறவையாலும் தன் தலையைத் தன் அலகால் கொத்த முடியாது. நெஞ்சும் தொடையும் வெறுமையாகி, தலை மட்டும் பளபளவென்று இருந்தால் அது தானாகவே பிடுங்கிக்கொள்கிறது. தனிமை, பயம், தூக்கக் குறைவு, உள்ளுக்குள் ஏதாவது வலி என்று காரணம் பல. மாறாக, தலையும் பின்கழுத்தும் மட்டும் வழுக்கை என்றால் முதலில் கூண்டில் இருக்கும் மற்றப் பறவையைச் சந்தேகப்படுங்கள்.

மூக்கு, அலகின் ஓரம், கால் ஆகிய இடங்களில் தேன்கூடு மாதிரி நுண்துளைகளோடு சாம்பல் நிறப் பக்கு படிந்திருந்தால் அது செதில் முக மைட். தோலுக்குள் துளைத்து வாழும் பூச்சி. மருத்துவர் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பட்ஜியின் மொத்த எடையே 30 முதல் 40 கிராம்தான், ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. வேறொரு வகை, இரவில் மட்டும் வெளியே வந்து ரத்தம் குடிக்கும் சிவப்பு மைட். இரவு கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு, விடியும் முன் துணியின் உட்புறத்தைப் பாருங்கள். நகரும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதேதான்.

கூட்டைவிட்டு இறங்கும் வயதிலேயே குஞ்சுக்குச் சிறகின் நீள இறகும் வால் இறகும் கொட்டி, பறக்க முடியாமல் தரையில் ஓடிக்கொண்டிருந்தால் அதை ‘ஃப்ரெஞ்ச் மோல்ட்’ என்பார்கள். பாலியோமா, சர்க்கோ என்ற வைரஸ்கள் காரணம். இவற்றை ஒழிக்க மருந்து கிடையாது, மற்றப் பறவைகளுக்கும் பரவும். புதிதாக வாங்கிய எந்தப் பறவையையும் ஒரு மாதமாவது தனிக்கூண்டில் வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

படி 3: இறகு மாறும் நாட்களில்

இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். தினை மட்டும் கொறிக்கும் பறவைக்கு அது எங்கிருந்து வரும்? வேகவைத்த முட்டையில் ஒரு சிட்டிகை, முளைகட்டிய தானியம், கீரை, துருவிய கேரட் கொடுங்கள். கணவாய் மீனின் ஓடு (கட்டில்போன்) எப்போதும் கூண்டில் தொங்கட்டும். அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் குளித்துக்கொள்ளும். உறை ஊறி, அரிப்பும் குறையும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

முட்களை நீங்கள் பிரித்துவிட முயலாதீர்கள். வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டாலே வலிக்கும். சிறகிலோ வாலிலோ அப்படி ஒன்று ஒடிந்து ரத்தம் கசிந்தால், மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சம் தண்ணீராகப் போவது, இவை இறகு மாற்றத்தின் அறிகுறிகள் அல்ல. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று நான்கு கிராம் குறைந்திருந்தால், பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். பறவை நோயை மறைக்கும், தராசு மறைக்காது.

படி 4: பேசக்கூடிய பறவையா?

மூக்குத் துளைகளைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு திட்டு இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு அல்லது வெளுத்த நிறம். இளம் ஆணுக்கு ஒரே சீரான ஊதா கலந்த ரோஸ். இளம் பெண்ணுக்கு வெளிர் நீலம், துளையைச் சுற்றி வெள்ளை வட்டம். முழு மஞ்சள், முழு வெள்ளை ஆண்களுக்கு வளர்ந்த பிறகும் ரோஸாகவே இருக்கும்.

பேசுவது பெரும்பாலும் ஆண்தான். காரணம் காட்டில் இருக்கிறது. ஜோடி சேர்ந்ததும் தன் துணையின் அழைப்பொலியைக் கேட்டு அப்படியே கற்றுக்கொள்வது ஆண் பட்ஜியின் வேலை. வீட்டில் அந்தத் துணையின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பெண்ணும் சில சொற்கள் சொல்வதுண்டு, ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள்.

நாக்கைச் சுரண்டினால் பேசும் என்பது வெறும் கொடுமை. பறவையின் குரல் நாக்கில் பிறப்பதில்லை. மூச்சுக்குழாயின் அடியில், அது இரண்டாகப் பிரியும் இடத்தில் பிறக்கிறது.

கலிஃபோர்னியாவில் இருந்த ‘பக்’ என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அது 1994இல் இறந்தது. உங்களுடையது நான்கு சொல் சொன்னாலே கொண்டாடுங்கள்.

படி 5: பழக்குவது

மூன்று முதல் ஆறு மாத வயது நல்ல பருவம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். டிவியை அணையுங்கள், கூண்டில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். முகத்துக்கு அருகில் போய், ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லுங்கள். க, ட, ப, ச மாதிரி வெட்டிக் கேட்கும் ஒலிகள் நல்லது. “குட்டிப் பையா” எளிதில் வரும். ‘ழ’ எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நமக்கே தகராறு.

சொல்லை ஒரு செயலோடு கட்டுங்கள். மூடிய துணியை எடுக்கும்போது ஒன்று, தீனி வைக்கும்போது ஒன்று. பறவை உங்களையே பார்த்து, அசையாமல், கண்மணியைச் சுருக்கி விரித்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தனியாக இருக்கும் பறவைதான் அதிகம் பேசும், உண்மைதான். ஆனால் வீட்டில் நாள் முழுக்க ஆள் இல்லை என்றால் இரண்டாக வளர்த்துவிடுங்கள், பேச்சு போனால் போகட்டும். தனிமையில் இறகைப் பிடுங்கும் பறவையைப் பார்த்தவர்கள் இதில் என்னோடு வாதாட மாட்டார்கள்.

இறகு மாறும் வாரங்களில் பாடம் வேண்டாம். உடம்பின் சத்தெல்லாம் இறகுக்குப் போகிறது, அரிப்பு வேறு. கற்றது மறந்துபோகாது, பேச மனமில்லை, அவ்வளவுதான். நீங்கள் வழக்கம்போலப் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள்.

முதல் சொல் தெளிவாக வரும் என்று காத்திருந்தால் அதைத் தவறவிடுவீர்கள். மதியத்தில் அரைக்கண் மூடி, கன்னத்து இறகை உப்பிக்கொண்டு, முணுமுணுவென்று ஒரு ஒலிக் கலவை ஓடும். அதற்குள்தான் சொல் ஒளிந்திருக்கும். நம் பேச்சைவிட வேகமாக ஓடுவதால் காதில் பிடிபடாது. போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் போட்டுக் கேளுங்கள்.

என் பட்ஜிப் பையன் பத்தொன்பது நாள் மௌனமாக இருந்தான். இருபதாவது நாள் மதியம் முணுமுணுப்பு திரும்பியது. பதிவு செய்து மெதுவாக ஓட்டினேன். நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த “குட்டிப் பையா” அதில் இல்லை. இறகைக் கூட்டி அள்ளும்போதெல்லாம் நான் அலுத்துக்கொண்டது, என் தொனியிலேயே, இரண்டு முறை வந்தது: “இன்னும் எவ்வளவுடா கொட்டுவ?”