செயினை இறுக்குவதற்கு முன்

மோட்டார் சைக்கிளில் செயின் சத்தம் கேட்டவுடன் ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடும் பழக்கம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலும் உண்டு. தொங்கும் செயினைவிட விறைத்து நிற்கும் செயினே அதிகச் செலவு வைக்கும் என்பேன். இருவர் ஏறி அமர்ந்து வண்டி பள்ளத்தில் இறங்கும்போது முன் பல்சக்கரத்துக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம் சற்றே கூடுகிறது. அதற்கு இடம் விடாமல் இறுக்கப்பட்ட செயின், வீல் பேரிங்கையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

சிறிய வண்டிகள் பலவற்றில் கீழ்ப்பக்கச் செயினின் நடுப்பகுதி சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். ஓரிடத்தில் மட்டும் அளந்து முடிவுக்கு வருவதும் தவறு. செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிக இறுகலான இடத்தைக் கண்டு அங்கே அளக்க வேண்டும். பின் சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் இரு பக்க அட்ஜஸ்டர்களும் ஒரே அளவுக் கோட்டுக்கு வராவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னுக்கு நகர்ந்ததும் பிரேக் கம்பி இழுபட்டு பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

செட்டிநாட்டுச் செம்மண் புழுதிக்கு கிரீஸ் என்றால் கொண்டாட்டம். அப்பிய கிரீஸில் புழுதி ஒட்டினால் அது மசகாக இராமல் தேய்ப்புப் பசையாகிவிடும். கழித்த என்ஜின் ஆயிலை ஊற்றுவதும் வேண்டாம். அதில் உலோகத் துகள்கள் மிதக்கின்றன. மண்ணெண்ணெய் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலையோ செயினுக்கென விற்கும் மசகான செயின் லூப்பையோ உட்புறமாக மெலிதாக இட்டு, ஊற நேரம் கொடுத்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் படவே கூடாது. என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துடைப்பது விரலைப் பறித்துவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும்.

செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுக்கையில் பல்லின் பாதி வெளியே தெரிந்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, செயினையும் இரு பல்சக்கரங்களையும் செட்டாக மாற்றிவிடவும்.