பழைய ரிவால்வரைச் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கத் தொடங்கும் பலர் முதலில் பளபளப்பில்தான் ஏமாறுகிறார்கள். நூறாண்டு கடந்த, கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் ரிவால்வர் ஒன்று புத்தம் புதிதாக மின்னினால், அது பின்னாளில் தேய்த்து மறுபூச்சு செய்யப்பட்டதா என்றே முதலில் ஐயுற வேண்டும். சட்டகத்தின் கூரிய விளிம்புகள் மழுங்கியிருப்பதும், குழலின் மேல் உள்ள எழுத்துகள் ஆழம் குறைந்திருப்பதும், திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருப்பதும், நீலப் பூச்சுக்கு அடியில் துருவின் பள்ளங்கள் தெரிவதும் அதற்கான அடையாளங்கள். மங்கிய, ஆனால் கலப்படமற்ற அசல் பூச்சுள்ள துப்பாக்கியையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். போன பூச்சை எந்தக் கைவினைஞராலும் அசலாகத் திருப்பித் தர முடியாது.

அடுத்து எண்களைப் பார்க்க வேண்டும். 1873இல் அறிமுகமான கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வரில் சட்டகம், விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்), கைப்பிடியின் பின்பட்டை ஆகிய மூன்றிலும் தொடர் எண் இருக்கும். பொதுவாக அவை ஒத்திருக்க வேண்டும். ஆனால் 'ஆர்ட்டிலரி' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் வகைக்கு இந்த விதி பொருந்தாது. 1890களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க அரசு, இராணுவத்தின் ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரை அங்குலமாகக் குறைத்துப் புதுப்பித்தபோது உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. ஆகவே அவ்வகையில் எண்கள் மாறியிருப்பது இயல்பு. எல்லாம் ஒத்திருந்தால்தான் காரணம் கேட்க வேண்டும்.

இயக்கத்தைச் சோதிக்கும் முன் உரிமையாளரின் அனுமதியைப் பெற்று, உருளையின் அறைகள் அனைத்தும் காலியாக உள்ளனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். இந்தக் கோல்ட் ரிவால்வரின் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்தால் நான்கு 'கிளிக்' ஒலிகள் தெளிவாகக் கேட்க வேண்டும். முழுவதும் இழுத்த நிலையில் உருளை அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். வெறுமனே விசையை அழுத்திச் சுத்தியலைத் தட்டவிடாமல், கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்குங்கள். தொடக்ககாலத் துப்பாக்கிகள் கரும்பொடி வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால், இயக்கம் நன்றாக இருந்தாலும் இக்காலத் தோட்டாக்களை அவற்றில் சுடக் கூடாது.

வாங்கும் முன் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ தயாரிக்கப்பட்ட துப்பாக்கிகளைத் தொல்பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடுவதால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை பெரியதென்றால், பணம் கொடுக்கும் முன் கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் கேட்டுப் பெறுங்கள். துப்பாக்கி அனுப்பப்பட்ட நாள், குழலின் நீளம், தோட்டாவின் அளவு, பூச்சு ஆகியவை பதிவேட்டில் உள்ளபடி அதில் இருக்கும். கையிலுள்ள துப்பாக்கியின் குழல் ஐந்தரை அங்குலமாகவும் கடிதத்தில் ஏழரை அங்குலமாகவும் இருந்தால், அது இடையில் வெட்டப்பட்டதோ மாற்றப்பட்டதோ ஆகும். விற்பவர் அதற்குச் சான்றோடு விளக்கம் தராதவரை அசல் துப்பாக்கிக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள்.